நூறு கட்டையில் ஒரே ஒரு கியூ

கண் டாக்டரின் வாசலை இந்தப் பிறவியில் மிதிப்பதில்லை என்று உமுகோரோ தீர்மானம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு. கடிகாரத்தைப் பார்த்து அவர் நேரம் தெரிந்துகொள்ளவில்லை. கடிகாரம் சுவரில்தான் இருந்தது. ஆனால் அவருக்குச் சுவர் வரைக்கும்தான் தெரிந்தது. வானொலியில் மணி சொன்னார்கள்.

தீர்மானத்துக்குக் காரணம் அடுப்படியிலிருந்து வந்த குரல். குரலுக்குச் சொந்தக்காரி அவர் மனைவி ஒடிரி.

"தெஜிரி அப்பா, மிஷன் ஆஸ்பத்திரிக்கு வெளியூர்லேர்ந்து கண் டாக்டருங்க வர்றாங்களாம். வர்ற திங்கட்கிழமை ஒரு நாள்தானாம். கண்ணுல விழுந்த திரையை எடுத்து விடுறாங்களாம். ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வருவோமா?"

"யாரு கண்ணுல திரை?"

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா இருக்கிறவங்க பொதுவாப் போகட்டும். என் கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு மேசையிலிருந்த தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அது தேநீர் இல்லை. வாழைக்காய் பொரிக்க ஒடிரி ஊற்றி வைத்திருந்த பனையெண்ணெய். துப்பலாம். துப்பினால் ஒத்துக்கொண்டது போலாகிவிடும். உமுகோரோ விழுங்கினார்.

"தேநீர் எப்படி இருக்கு?" என்றாள் ஒடிரி.

"கொஞ்சம் கெட்டியா இருக்கு."

"இன்னொரு கோப்பை தரவா?"

"ஒன்னு போதும்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. ஒடிரி வேறொன்றும் கேட்காத நேரங்களில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் கற்ற பாடம். அன்றைக்கு எண்ணெய் நெஞ்சில் நின்றதால் பாடம் நினைவுக்கு வரவில்லை.

சபேலே ஊரில் ஆற்றோரத்து மரக்கிடங்கில் முப்பத்தொரு வருடம் மிதக்கும் மரங்களை எண்ணி, சுண்ணக்கட்டியால் குறி போட்டவர் உமுகோரோ. எண்ணுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. இப்போது அந்தப் பழக்கம்தான் அவரைக் காப்பாற்றி வந்தது. வாசலிலிருந்து அகபியின் சவரக்கடை நூற்றெண்பத்தாறு காலடி. தேவாலயம் நானூற்றுப் பன்னிரண்டு. குளியலறை ஒன்பது, மழைக்காலத்தில் வழுக்கும் என்பதால் பதினொன்று. எண்ணிக்கொண்டே நடந்தால் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

வராது என்று அவர் நினைத்தார். போன மாதம் பக்கத்து வீட்டு வாசலில் சம்பந்தி உட்கார்ந்திருப்பதைக் கண்டு, குனிந்து முறைப்படி "மிக்வோ" சொல்லி வணங்கினார். சம்பந்தி பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை வணங்கினார். அதற்கும் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து, "உன் சம்பந்திக்கு ரொம்பத் திமிர். பெண்ணைக் கொடுத்தவன்னு இளக்காரமா நினைக்கிறான்" என்று ஒரு மணி நேரம் கத்தினார். ஒடிரி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வாசலில் இருந்தது ஒரு மூட்டை மரவள்ளிக் கர்ரி மாவு.

"அவரு மனசு வருத்தப்பட்டாராம். நாளைக்கு வந்து பார்க்கிறேன்னு சொன்னாரு" என்றாள்.

"அப்படி வழிக்கு வரட்டும்" என்றார் உமுகோரோ.

கண்ணை ஏன் காட்டக் கூடாது என்று கேட்டால் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய அண்ணன் எடாஃபே முப்பது வருடத்துக்கு முன்னால் தூரத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனான். போகும்போது இரண்டு கண்ணிலும் மங்கலாகத் தெரிந்தது. கண்ணில் போட்ட கட்டை அவிழ்த்தபோது மங்கல்கூட இல்லை. உமுகோரோவுக்கு இன்றைக்குத் தெரிவதும் மங்கல்தான். ஆனால் அந்த மங்கலுக்குள் ஒரு மஞ்சள் இருந்தது. ஒடிரி வீட்டில் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணியின் மஞ்சள். அது அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போய் வரும். முகம் தெரியாது. மஞ்சள் போகும், மஞ்சள் வரும். கத்தியோடு வரும் டாக்டர் அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இன்னொன்றும் இருந்தது. அவர் நீதிபதி.

கோர்ட்டு நீதிபதி இல்லை. சவரக்கடைக்குப் பின்னால் இருக்கும் மாமரத்தடியில் ஞாயிறுதோறும் ஸ்கிராபிள் ஆடும் சங்கத்துக்கு நீதிபதி. இங்கிலீஷ் எழுத்து பொறித்த கட்டைகளைப் பலகையில் கோத்துச் சொல் உண்டாக்கும் ஆட்டம். ஒருவர் வைத்த சொல் உண்மையில் உண்டா இல்லையா என்று சண்டை வந்தால் அகராதியைப் புரட்டுவதில்லை. உமுகோரோவைக் கேட்பார்கள். அவர் "செல்லும்" என்பார், அல்லது "செல்லாது" என்பார். பதினாலு வருடத்தில் ஒரு தீர்ப்பும் தவறியதில்லை.

அவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். நீளமான இங்கிலீஷ் சொல்லையெல்லாம் படித்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குட்டிச் சொற்கள் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார். இரண்டெழுத்துச் சொற்கள் அவர் பட்டியலில் நூற்றிருபத்தேழு. 'வீ' என்ற எழுத்துக்கு இரண்டெழுத்தில் ஒரு சொல்லும் இல்லை, பாவம். 'இசட்'டும் 'ஓ'வும் சேர்ந்தால் 'ஸோ', மலைநாட்டுக் கலப்பின மாடு. 'ஜே'யும் 'ஓ'வும் சேர்ந்தால் 'ஜோ', மனசுக்குப் பிடித்தவர். எல்லாவற்றிலும் அவருக்கு உயிர் 'கியூ'. ஊர் உலகமெல்லாம் கியூ வந்தால் பின்னாலேயே யூ வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. யூ இல்லாமல் தனியே நடக்கிற கியூச் சொற்கள் அவர் கணக்கில் முப்பத்து மூன்று. 'கி' என்றால் உயிர்மூச்சு. 'காட்' என்றால் மெல்லுகிற ஒரு தழை. 'காடி' என்றால் நீதிபதி. இவற்றை அர்த்தத்தோடு தினமும் காலையில் குளித்துக்கொண்டே ஒப்பிப்பார். இரண்டு வாளித் தண்ணீர் தீர்வதற்குள் பட்டியல் முடியும்.

பலகையைப் படிக்க முடியாத நீதிபதி என்று தெரிந்தால் மாமரத்தடியில் அவருக்கு யார் நாற்காலி போடுவார்கள்?

வெள்ளிக்கிழமை ஒடிரி மீன் சுட்டுக்கொண்டே பேச்செடுத்தாள்.

"தெஜிரி அப்பா, நாளைக்கு சனிக்கிழமை ஆட்டம் உண்டுதானே?"

"என்னைக்கு இல்லாம இருந்துச்சு?"

"ஒரு பந்தயம் வெச்சுக்குவோமா? நீங்க ஜெயிச்சா, கிறிஸ்துமஸ் வரைக்கும் இந்த வீட்டுல கண்ணுங்கிற பேச்சே வராது. நான் ஜெயிச்சா, திங்கட்கிழமை என்னோட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

உமுகோரோ சிரித்தார். சத்தமாகச் சிரிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. தோள் மட்டும் குலுங்கும்.

"இருபத்தேழு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை ஆடுறோம். ஆயிரத்து முன்னூத்தி ரெண்டு ஆட்டம். நீ ஜெயிச்சது முப்பத்தெட்டு. அதுல பதினொன்னு எனக்கு மலேரியாக் காய்ச்சல்."

"காய்ச்சல் இல்லாத இருபத்தேழு இருக்குல்ல. அந்தத் தைரியத்துலதான் கேக்கிறேன்."

"பின்னாடி அழக் கூடாது."

"சாட்சிக்கு அகபியைக் கூப்பிட்டிருக்கேன். அவரே புள்ளியும் எழுதட்டும்."

சாட்சியை முதலில் கூப்பிட்டுவிட்டுப் பந்தயத்தை அப்புறம் கேட்டாளே என்று அவர் யோசித்திருக்கலாம். அவர் யோசனை வேறு பக்கம் இருந்தது. ஏனென்றால் ஆட்டத்துக்கு அவர் ஏற்கெனவே அணை கட்டி வைத்திருந்தார். ஒரு வருடமாக, கல் மேல் கல்லாக.

முதல் கல்: லாகோஸ் பக்கம் பெரிய ஆட்டக்காரர்கள் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று சொல்லி வீட்டில் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார். கட்டையை வைப்பவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கட்டம் என்று சொல்லி, அர்த்தமும் சொல்ல வேண்டும். அவள் சொல்லச் சொல்ல அவர் மனசுக்குள் பலகை எழும்பும். இரண்டாவது கல்: குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லி, தன் கட்டைகளையும் அவளையே வைக்கச் சொன்னார். மூன்றாவது கல்தான் உயர்ந்த வேலைப்பாடு. வீட்டிலிருந்தது பழைய மரக்கட்டைகள். ஒடிரி சந்தைக்குப் போன நாட்களில் ஓர் ஆணியை எடுத்து எழுத்தையெல்லாம் ஆழமாகக் கீறிவிட்டார். நூறு கட்டையில் எழுத்து உள்ளவை தொண்ணூற்றெட்டு. பதினேழு நாள் வேலை. இப்போது கட்டைவிரலால் தடவினாலே எழுத்து பேசும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு முன்னறையில் பலகை விரித்தார்கள். வெளியே மழை விட்டிருந்தது. அகபி வந்து உட்கார்ந்தான். அவன் நாற்காலி முனகும் விதத்திலிருந்தே அவன்தான் என்று தெரியும்.

"ஐயா, நான் புள்ளி எழுதறதோட சரி. நடுவுல வாயைத் திறந்தா, சவரக்காரன் புத்தியைக் காட்டிட்டான்னு சொல்லுவீங்க."

"வாயைத் திறக்காம ஒரு சவரக்காரன் இருந்தா அதுவே பார்க்க வேண்டிய காட்சிதான்" என்றார் உமுகோரோ.

"பார்ப்பீங்க, ஐயா" என்றான் அகபி.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. உமுகோரோ கட்டைவிரலால் தடவி, எடுத்துக் கொடுத்து, இடம் சொன்னார். ஒடிரி வைத்தாள். அவள் முறை வரும்போது டக் டக்கென்று கட்டை விழும் சத்தமும் அவள் குரலும் வந்தன.

"ஆறாவது வரிசை, பத்தாவது கட்டம். ஜே, ஓ. ஜோ."

"அர்த்தம்?"

"அதை இந்த வயசுல அகபி முன்னாடி சொல்லணுமா?"

"முறைன்னா முறைதான்."

"மனசுக்குப் பிடிச்சவரு."

"செல்லும்" என்றார் உமுகோரோ. அகபி இருமினான்.

ஒரு மணி நேரத்தில் அவர் இருநூற்றொன்று, அவள் நூற்றுப் பதின்மூன்று. எண்பத்தெட்டுப் புள்ளி தூரம். அந்த நேரத்தில்தான் பையிலிருந்து அவர் கைக்கு அது வந்தது. கட்டைவிரல் வட்டத்தைச் சுற்றிப் போய், கீழே வாலைத் தொட்டது. கியூ. நூறு கட்டையில் ஒரே ஒரு கியூ. உமுகோரோவின் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த முறைக்கு 'கி' வைக்க இடம்கூடப் பார்த்துவிட்டார்.

ஒடிரி தொண்டையைக் கனைத்தாள்.

"முதல் வரிசை, மூலைக் கட்டத்துலேர்ந்து. கியூ, ஏ, டீ, ஐ. காடி. அர்த்தம், நீதிபதி. மூணு மடங்குக் கட்டம். நாப்பத்திரண்டு."

உமுகோரோவின் கட்டைவிரல், தன் ஏழு கட்டைகளையும் அடுக்கியிருந்த மரத்தாங்கிக்கு ஓடியது. கியூ அங்கேயே இருந்தது. வட்டம், வால். வாலைக் கீறியதே அவர்தான்.

சவால் விட வேண்டும். விட்டால் அவள் சொல் போகும், புள்ளி போகும், பந்தயமே முடியும். வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடி நின்றது.

சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. சவால் விடுகிறவர் எழுந்து நின்று, சந்தேகப்படும் சொல்லின் மேல் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்ட வேண்டும். தூரத்திலிருந்து வெட்டியாகக் கத்துகிறவர்களை அடக்க வந்த சட்டம். இந்த வீட்டிலும் அதுதான் சட்டம். கொண்டுவந்தவர் நீதிபதி உமுகோரோ.

ஒருவேளை தன் விரல்தான் தப்போ? இது 'ஓ'வாக இருந்து, வால் என்பது மரத்தின் வெடிப்பாக இருந்தால்?

"செல்லும்" என்றார்.

அவருடைய முறையில் இருபது புள்ளிக்கு ஏதோ வைத்தார். ஒடிரி கட்டையை எடுத்தாள்.

"பதினொன்னாவது வரிசை. டீ, ஏ, எல், ஏ, கியூ. தலாக். அர்த்தம், விவாகரத்து."

அகபியின் பென்சில் நின்றது.

"அந்தச் சொல்லை ஏன் இப்ப வைக்கிற?"

"கையில வந்தது அதுதான். ரெண்டு மடங்கு, இருபத்தெட்டு. சவால் விடுறீங்களா?"

பலகையில் இரண்டு கியூ. கையில் ஒன்று. உலகத்தில் மொத்தமே ஒன்று. இனி விரலைச் சந்தேகப்பட முடியாது. ஒடிரி பொய் சொல்கிறாள். பொய் சொல்கிறாள் என்றால், தனக்குத் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அது அவளுக்குத் தெரியும் என்பது தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றே ஆகும். இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் விடை ஒன்றாகவே வந்தது.

"சரியான சொல்லுக்கு எதுக்குச் சவால்? செல்லும்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துத்தான் சொல்றேன்."

மஞ்சள் அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. பிறகு அவள் குரல் வந்தது. அந்தக் குரலில் கேலி இல்லை. வழுக்குகிற தரையில் கையை நீட்டுகிறவளின் குரல் மாதிரி இருந்தது.

"தெஜிரி அப்பா, ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க. அகபி நம்ம ஆளுதான்."

"ஆட்டத்தைப் பாரு."

அடுத்த முறை அவள் 'காட்' வைத்தாள். மெல்லுகிற தழை. முப்பத்தாறு புள்ளி. மூன்றாவது கியூ.

"செல்லும்" என்றார். சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஆடியது ஏழு கட்டையில் இல்லை, ஆறில். கியூவை எடுத்து வைத்தால், "இது நாலாவது கியூ ஆச்சே, முன்னாடி மூணையும் எப்படி விட்டீங்க?" என்று கேள்வி வரும். வைக்க முடியவில்லை. பைக்குள் திருப்பிப் போடவும் முடியவில்லை. போட்டால் அவள் கைக்குப் போய்விடும். சுட்ட உருளைக்கிழங்கு மாதிரி அதைத் தாங்கியின் ஓரத்தில் வைத்துக்கொண்டு மற்ற ஆறு கட்டையால் மல்லுக்கட்டினார். மனிதர் மல்லுக்கட்டுவதில் சாமர்த்தியசாலிதான். பை காலியானபோது அவர் முன்னூற்றுப் பன்னிரண்டு. ஒடிரி முன்னூற்று நாலு.

"கடைசி ரெண்டு கட்டை. ஏ, ஐ. ஆய். மூணு விரல் சோம்பேறி மிருகம். ரெண்டு புள்ளி. என் கை காலி" என்றாள் ஒடிரி.

"அம்மா முன்னூத்தி ஆறு" என்று அகபி எழுதினான். "ஐயா, கையில மிச்சம் இருக்கிறதைக் கொடுங்க. கழிக்கணும்."

உமுகோரோ கொடுக்கவில்லை. ஒடிரி அவர் விரல்களை மெல்லப் பிரித்துக் கட்டையை எடுத்தாள்.

"கியூ" என்றான் அகபி. "பத்து கழியுது. முன்னூத்தி ரெண்டு. அம்மா நாலு புள்ளியில ஜெயிச்சுட்டாங்க."

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. கூரைத் தகரம் சலசலத்தது. உமுகோரோ அதற்கு மேல் தாங்க மாட்டாமல், ஏதோ சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"அகபி, பலகையில எத்தனை கியூ இருக்கு?"

"ஒன்னும் இல்லீங்க ஐயா."

"ஒன்னும் இல்லையா?"

"அம்மா வெச்ச கட்டையில எழுத்தே இல்ல. எல்லாத்தையும் கவிழ்த்து வெச்சிருக்காங்க. முதல் கட்டையிலேர்ந்து கடைசிக் கட்டை வரைக்கும் முதுகுதான் தெரியுது."

உமுகோரோ கையை நீட்டிப் பலகையைத் தொட்டார். ஒரு வருடமாக அதை அவர் தொட்டதில்லை. விரலுக்குத் தன் சொல் ஒன்று தட்டுப்பட்டது, கீறலும் பள்ளமுமாக. பக்கத்தில் வழவழவென்று வெறும் மரம். மறுபடி தன் சொல். மறுபடி வழவழப்பு.

"அப்ப அந்தச் சொல்லெல்லாம்?"

"என் மனசுலேர்ந்து சொன்னேன்" என்றாள் ஒடிரி. "இருபத்தேழு வருஷமா நீங்க குளிச்சுக்கிட்டே ஒப்பிக்கிறீங்க, நான் இந்தப் பக்கம் மிளகாய் இடிச்சுக்கிட்டே கேக்கிறேன். முப்பத்து மூணு கியூவும் எனக்குத் தலைகீழாத் தெரியும். நீங்க நடுவுல ஒன்னை விட்டா, அன்னிக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சுக்குவேன்."

"மனசுலேர்ந்து சொல்றதுன்னா ஐநூறு புள்ளி எடுத்திருக்கலாமே. ஏன் இப்படி இழுத்தடிச்ச?"

"நீங்களா ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான். முதல் கியூவுல சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ரெண்டாவதுல கண்டிப்பாச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். எனக்குத் தெரியல ஒடிரின்னு சொல்லியிருந்தா அங்கேயே பலகையை மடிச்சிருப்பேன்."

உமுகோரோ பலகையிலிருந்து கையை எடுத்தார். அகபிதான் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"ஐயா, சங்கத்துக்கு நீங்கதான் நீதிபதி. தீர்ப்பை நீங்களே சொல்லிடுங்க. கவிழ்த்து வெச்ச கட்டை செல்லுமா, செல்லாதா?"

இது ஒரு நல்ல வாசல். 'செல்லாது' என்று ஒரு சொல். அகபி தலையாட்டுவான். ஒடிரியும் எதிர்த்துப் பேச மாட்டாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் கண் என்ற பேச்சு வராது. கத்தி வராது. மஞ்சள் இருக்கும்.

ஆனால் ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இதே மாதிரி கேட்டார். எதிராளி இல்லாத சொல்லை வைத்தான், கவனிக்காமல் விட்டுவிட்டேன், இப்போது ரத்து செய்யுங்கள் என்று. கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு கேட்டார். 'சவால் விடாத சொல் நிற்கும்' என்று உமுகோரோ அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னார். வாத்தியாருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா?

"செல்லும்" என்றார்.

ஒடிரி மூக்கை உறிஞ்சினாள். அகபி காகிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு, கடையில் ஆள் காத்திருக்கிறது என்று சொல்லி எழுந்தான். மழையில் எந்த ஆள் முடி வெட்ட வருவான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவன் போன பிறகு உமுகோரோ மெதுவாகச் சொன்னார். "பயமா இருக்கு, ஒடிரி. அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும். இப்ப உன் துணியோட மஞ்சளாவது தெரியுது. அதுவும் போயிட்டா நான் எதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்?"

மஞ்சள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"அது எனக்கும் தோணுச்சு. அதனாலதான் முதல்ல நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"எங்க?"

"எட்டு மாசத்துக்கு முன்னாடி, நம்ம பொண்ணு தெஜிரிக்குப் பிரசவம்னு பெனின் ஊருக்குப் போனேன்ல. அங்க போனது ஒரு வாரம்தான். அடுத்த வாரம் இதே மிஷன் ஆஸ்பத்திரியில, அப்பவும் வந்திருந்த இதே டாக்டருங்ககிட்ட. எனக்கும் திரை விழுந்திருந்துச்சு, ரெண்டு கண்ணுலயும். சரி, ஏதாச்சும் ஆகிறதுன்னா எனக்கு ஆகட்டும், நல்லா வந்துச்சுன்னா உங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு கத்திக்குக் கண்ணைக் கொடுத்துட்டேன்."

உமுகோரோ அவள் பக்கம் திரும்பினார்.

"திரும்பி வந்து மூணு வாரம் கறுப்புக் கண்ணாடியோட இதே நாற்காலியில உங்க எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். தெருவே கிணத்தடியில வந்து விசாரிச்சுட்டுப் போச்சு. நீங்க மட்டும் ஒன்னும் கேக்கல. அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன், உங்களை எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிடணும்னு."

அவர் அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தை நோக்கிக் கையை உயர்த்தினார். கன்னம் ஈரமாக இருந்தது. கட்டைவிரலால் கண்ணோரத்தைத் தடவினார். படிக்க அங்கே எழுத்து ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்காகவா போன?"

"பின்ன, அகபிக்காகவா?"

"ரொம்ப வலிச்சுதா?"

"ஆஸ்பத்திரியில ஒன்னும் வலிக்கல" என்றாள் ஒடிரி. "கண்ணுக் கட்டை அவிழ்த்துட்டு வீட்டுக்கு வந்து, பத்து வருஷம் கழிச்சு உங்களைத் தெளிவாப் பார்த்தேன் பாருங்க, அதுதான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."